பொதுவாக வைத்திருக்கும் ஸ்பேம் வடிகட்டியில் பொய்ப்புகார் வந்தால் என்ன செய்வது? நாற்பது சேலை ஆர்டர் ஒன்று தொலைந்துவிட்டது

கீழமாசிவீதி | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு சின்ன வியாபாரிகளுக்கு மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறேன். பாத்திரக்கடை, மளிகை மொத்தக்கடை, சுங்குடிக் கடைகள், இரண்டு அச்சகம் என்று மொத்தம் 62 கடை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்பேம் வடிகட்டி. ஒருவர் ஓர் அஞ்சலை ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால் அந்த அஞ்சலின் ஒவ்வொரு பத்தியின் கைரேகையும், அதாவது எழுத்துகளிலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண் (ஹாஷ்), பொதுப் பதிவேட்டில் ஏறும். மூன்று கணக்கிலிருந்து புகார் வந்துவிட்டால் அதே அஞ்சல் மற்ற எல்லோருக்கும் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். அவ்வளவுதான் ஏற்பாடு.

மூன்று வருடமாக இது எனக்குச் சோறு போடுகிறது என்பதைவிட, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. போன ஆடியில் ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று ஒரு போலி அஞ்சல் வந்தது. விடியும் முன்பே கடை திறக்கிற மளிகைக்காரர்கள் மூன்று பேர் அதை அழுத்தினார்கள். பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கிய துணிக்கடைக்காரர்கள் யாரும் அந்த அஞ்சலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முன்னால் எழுந்தவர் பின்னால் எழுபவரைக் காப்பாற்றினார். அதற்காகத்தான் இதைக் கட்டினேன்.

இப்போது விஷயம். போன மாதம் சுங்குடிக்கடை அக்கா ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். சிங்கப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் அவரைப் போனில் அழைத்து, ‘ஏம்மா, மெயில் போட்டு ஒரு மாதமாகிறது, ஒரு பதில்கூட இல்லையே, தீபாவளிக்கு நாற்பது சேலை கேட்டிருந்தேனே’ என்றாராம். ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தோம். காலி. என் சர்வரில் ஸ்பேம் 30 நாளில் அழிந்துவிடும். அன்று 31ஆவது நாள்.

அக்கா போன பிறகு லாக்கை, அதாவது எது எப்போது நடந்தது என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவை, எடுத்துப் பார்த்தேன். அந்தச் சிங்கப்பூர்க்காரர் ஒரே கடிதத்தை இங்குள்ள ஒன்பது சுங்குடிக் கடைகளுக்கு அனுப்பியிருக்கிறார். முதல் வரியில் கடைப் பெயர் மட்டும் வேறு. அதன் மீது மூன்று புகார், நான்கே நிமிடத்துக்குள். மூன்றும் ஒரே கடையிலிருந்து: முதலாளி, மகன், கணக்குப்பிள்ளை. முதல் புகார் காலை 10:21. அதே கணக்கிலிருந்து அதே சிங்கப்பூர் முகவரிக்கு 10:14க்கு ஒரு பதில் போயிருக்கிறது.

அந்த இரண்டு வரியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் பதில் போட்டுவிட்டு, மற்ற எட்டுக் கடைக்கும் அந்தக் கடிதம் தெரியாமல் போகும்படி செய்திருக்கிறார்கள். வேறு விதமாக எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை.

கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம். நான் கேட்பது இதுதான்: மக்கள் சொல்லும் புகாரை நம்பி நடக்கிற ஒரு வடிகட்டியில் பொய்ப்புகாரை எப்படித் தடுப்பது? வடிகட்டியை மூடிவிடாமல்.

மேலூர்_தம்பி | ஞாயிறு, இரவு 9:34

அண்ணே, மூன்று புகார் என்பது ரொம்பக் குறைவு. பத்தாக ஏற்றிவிடுங்கள். ஒரே கடையில் பத்துக் கணக்கு இருக்காதே.

வடபழஞ்சி | ஞாயிறு, இரவு 10:02

தம்பி, எண்ணிக்கையை ஏற்றினால் இரண்டு கெடுதல். ஒன்று, 62 கடையில் பத்துப் பேர் புகார் சொல்லி முடிக்க மதியமாகிவிடும். மின்வாரியப் பெயரில் வந்த போலி அஞ்சல் அதற்குள் நான்கு பேரிடம் பணம் பறித்திருக்கும். இன்னொன்று, கெட்ட எண்ணம் உள்ளவனுக்குப் பத்துக் கணக்குத் திறப்பது ஒரு வேலையே இல்லை. நல்லவர்களைத்தான் அது தாமதப்படுத்தும்.

எண்ணிக்கை மட்டும் வைத்தால் எப்போதும் இந்த இழுபறிதான். ஸ்பேம் கால் விஷயத்திலும் பாருங்கள், 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியபோது, பதிவு செய்யாத எண் மீது நடவடிக்கைக்கு 7 நாளில் 10 புகார் வேண்டும் என்றிருந்ததை 10 நாளில் 5 புகார் போதும் என்று குறைத்தார்கள். மோசடியைச் சீக்கிரம் பிடிக்க அது வேண்டியதுதான். ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய, புகார் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டிய கட்டாயம் கூடுகிறது.

இன்னொரு விஷயம், பங்கு. ஐந்து பேருக்குப் போன அஞ்சலில் ஐந்து புகார் வேறு, ஐயாயிரம் பேருக்குப் போனதில் ஐந்து புகார் வேறு. ஜிமெயில் 2024 பிப்ரவரியில் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு விதி கொண்டுவந்தபோது விகிதத்தைத்தான் வைத்தது. புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. உங்களிடம் அஞ்சல் யார் யாருக்குப் போனது என்ற லாக் இருக்கிறதே. ஒன்பது பேருக்குப் போனது, ஒரு கடை மட்டும் புகார் சொன்னது, எட்டுக் கடை சொல்லவில்லை. இதை வைத்தே பாதி உண்மை தெரிந்திருக்கும்.

கீழமாசிவீதி | ஞாயிறு, இரவு 10:20

பங்கு சரிதான், ஆனால் அந்த எட்டுக் கடையும் அதைப் பார்க்கவே இல்லையே. பெரும்பாலோர் அஞ்சலைத் திறக்கும் முன்பே அது ஸ்பேம் பெட்டிக்குப் போய்விட்டது. பார்க்காதவர் சும்மா இருந்ததை ‘இது நல்ல அஞ்சல்’ என்று கணக்கில் எடுக்க முடியாது. இதுதான் என்னை உறுத்துகிறது. ஒருமுறை ஸ்பேம் பெட்டிக்குப் போய்விட்டால், அதைத் திருத்தக்கூடிய ஆட்களின் கண்ணிலிருந்தே அது மறைந்துவிடுகிறது. பொய் சொன்னவன் சாட்சிகளையும் சேர்த்து அப்புறப்படுத்திவிடுகிறான்.

திருமங்கலம்_நெட் | திங்கள், காலை 6:48

நானும் இருபது வருடமாகச் சர்வர் வைத்திருப்பவன். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். மக்கள் கையில் தீர்ப்பைக் கொடுத்தது தப்பு. அஞ்சல் சொல்லப்படும் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சரிபாருங்கள். ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி மென்பொருளைப் போடுங்கள். மனிதர் தவறு செய்யலாம், இயந்திரம் பக்கச்சார்பு பார்க்காது. எதற்கு இந்தத் தலைவலி?

வடபழஞ்சி | திங்கள், காலை 8:15

சார், டிகேஐஎம் சரியாக இருந்தால் அந்த அஞ்சல் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று தெரியும். அது நல்ல அஞ்சலா என்று தெரியாது. புதிதாக ஒரு டொமைன் வாங்கி, மூன்றையும் ஒழுங்காகப் போட்டு மோசடி அஞ்சல் அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர். ஸ்பேம்அசாசினே ரேஸர், பைசர், டிசிசி என்று கூட்டுப் பதிவேடுகளைக் கேட்டுத்தான் மதிப்பெண் கூட்டுகிறது. ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். கூட்டுப் புகார் அங்கே தீர்ப்பு கிடையாது. வரம்பு வழக்கமாக 5 மதிப்பெண், அதில் புகாருக்கு ஒரு பங்கு. மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால்தான் வரம்பைத் தாண்டும்.

இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் விபுல் வேத் பிரகாஷ் எழுதிய ரேஸர்தான் இந்த வகைக்கு முன்னோடி. முதலில் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம், எல்லாப் புகாருக்கும் ஒரே எடை. நல்ல அஞ்சல்கள் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தன. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் புகார் சொல்ல விரும்புகிறவர் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பு. அவர் சொன்னதை ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற மற்றவர்கள் ஆமோதித்தால் அது ஏறும். ‘இல்லை, இது ஸ்பேம் இல்லை’ என்று அவர்கள் திரும்பப் பெற்றால் இறங்கும். புகாருக்கு ஒரு கட்டளை, திரும்பப் பெறுவதற்கு ஒரு கட்டளை, இரண்டும் சமமாக இருந்தன. அந்தச் சமம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

டிசிசி வேறு வழியில் போனது. ஸ்பேம் என்ற பேச்சே அது எடுக்காது. இந்த அஞ்சல் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லும். கேட்டு வாங்கும் மொத்த அஞ்சல்களை நாமே வெள்ளைப் பட்டியலில், அதாவது தடுக்க வேண்டாதவற்றின் பட்டியலில், சேர்க்க வேண்டும். அதில் பொய்ப்புகாருக்கு இடம் குறைவு, ஆனால் ஒன்பது கடைக்கு ஒரே கடிதம் அனுப்பிய அந்தச் சிங்கப்பூர்க்காரர் போன்றவர்களைப் பார்த்து அது சந்தேகப்படும்.

அண்ணாநகர்_டீச்சர் | திங்கள், காலை 9:05

கீழமாசிவீதித் தம்பி சொன்னது வேண்டுமென்றே செய்த காரியம். நான் வேறொன்றைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் பொய்ப்புகார்களில் நிறையப் பொய்யே கிடையாது.

நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சுமார் முந்நூறு பேர் ஒரு குழுவாக மாதம் ஒரு அஞ்சல் அனுப்புகிறோம். பென்ஷன் விவரம், மருத்துவக் காப்பீடு, யார் வீட்டில் என்ன விசேஷம், யார் தவறிவிட்டார்கள் என்று. திடீரென்று பலருக்கு வரவில்லை. விசாரித்தால், எங்கள் ஆட்களே ‘ஸ்பேம்’ அழுத்தியிருக்கிறார்கள். ஒரு சாரிடம் கேட்டேன். ‘படித்து முடித்தேன் டீச்சர், பெட்டி நிறைந்துவிடக்கூடாதே என்று அந்தப் பட்டனை அழுத்தினேன்’ என்றார். அவருக்கு அது குப்பைத்தொட்டி. இன்னொருவர், ‘இனிமேல் வேண்டாம் என்பதற்கு அதுதானே பட்டன்?’ என்றார். இனி இந்த அஞ்சல் வேண்டாம் என்று சொல்வதற்குப் போனில் தமிழில் ‘குழுவிலகு’ என்று ஒரு சொல் வருகிறது. அதைப் படித்த அந்த சார், நம் சங்கத்திலிருந்தே விலக்கிவிடுவார்களோ என்று பயந்து அதைத் தொடவில்லை. நாற்பது வருடம் தமிழ் நடத்தியவர் அவர்.

ஆகவே எடை, மதிப்பு எல்லாம் போடுவதற்கு முன்னால், அந்தப் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் தம்பி. ‘இது மோசடி, மற்றவர்களையும் எச்சரி’ என்று ஒன்று. ‘எனக்கு இது வேண்டாம்’ என்று ஒன்று. இரண்டாவதை அழுத்தினால் அது அந்த ஒருவருக்கு மட்டும் நிற்கட்டும். அடுத்தவர் பெட்டியில் கைவைக்க வேண்டாம்.

வடபழஞ்சி | திங்கள், காலை 9:31

டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு. அஞ்சலின் ஹெடரிலேயே, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் அஞ்சலோடு போகும் குறிப்பு வரிகளிலேயே, ஒரு சொடுக்கில் விலகும் வசதியை வைப்பதற்கு 2017இலேயே தரம் எழுதியாகிவிட்டது, ஆர்எஃப்சி 8058. ஜிமெயில் 2024இல், நாளுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புகிற விளம்பர அஞ்சல்காரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வழி எளிதாக இருந்தால் ‘ஸ்பேம்’ பட்டன் மீது கை போகாது. உங்கள் குழு அஞ்சலிலும் அந்த வரியைச் சேர்த்துவிடலாம், நான் செய்து தருகிறேன்.

கீழமாசிவீதி | திங்கள், மதியம் 1:40

டீச்சர், நன்றி. என் திரையில் இதுவரை ஒரே பட்டன்தான், அதில் ‘ஸ்பேம்’ என்று மட்டும். வெட்கமாக இருக்கிறது, இதை நான் யோசிக்கவே இல்லை. இன்று இரவே மாற்றுகிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய புகார்களையும் தோண்டினேன். இன்னொரு கோளாறு அகப்பட்டது. இதில் யார் மீதும் குற்றம் இல்லை, என் தவறு.

கைரேகை எடுப்பதற்கு முன் அஞ்சலைச் சுத்தம் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஸ்பேம்காரர்கள் நடுநடுவே புள்ளியும் நட்சத்திரமும் போட்டு ஏமாற்றுவார்கள் என்பதற்காக, ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கும்படி செய்திருந்தேன். தமிழில் வந்த அஞ்சல் என்ன ஆகும்? ஓர் எழுத்துகூட மிஞ்சாது. ஒரு காதணி விழா அழைப்பிதழ், ஓர் அச்சகத்தின் விலைப்பட்டியல், ஒரு லாட்டரி மோசடி, மூன்றும் தமிழில். மூன்றிலும் எண்கள் இல்லாத பத்திகளுக்கு ஒரே கைரேகை, அதாவது வெற்றுத்தாளின் கைரேகை. யாரோ லாட்டரி அஞ்சலைச் சரியாகத்தான் புகார் செய்திருக்கிறார். அந்தப் புகார் காதணி விழாவின் மீது போய் விழுந்திருக்கிறது.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு தமிழைக் குப்பை என்று கழித்துவிடும் ஒரு ஸ்கிரிப்டை மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன். இதை மனம் திறந்து சொல்லாமல் அடுத்த வேலை செய்ய எனக்கு முடியவில்லை.

மேலூர்_தம்பி | திங்கள், மாலை 6:22

அண்ணே, இதில் நான் உதவ முடியும். கல்லூரியில் யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு கொடுக்கும் முறை, பற்றி ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். தமிழை அப்படியே விட்டால் மட்டும் போதாது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கைரேகை மட்டும் வேறு வேறாக வரும். ஸ்பேம்காரன் இதை மாற்றி மாற்றிப் போட்டே தப்பிக்கலாம். யூனிகோடில் என்எஃப்சி என்று ஒரு சீராக்கம் இருக்கிறது. முதலில் அதைச் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளையும் எடுத்துவிட வேண்டும்.

அப்புறம், சுத்தம் செய்த பிறகு மிச்சம் ரொம்பக் குட்டியாக இருந்தால் கைரேகையே எடுக்கக்கூடாது என்று வையுங்கள். ‘இணைப்பைப் பார்க்கவும், நன்றி’ என்று மூன்று சொல் உள்ள அஞ்சல் ஊருக்கே பொது. அதன் மீது ஒரு புகார் விழுந்தால் எல்லோருடைய பில்லும் மாட்டிக்கொள்ளும்.

சுங்குடிக்கடை | திங்கள், இரவு 8:50

அந்த அக்கா நான்தான். பையன் இந்தப் பக்கத்தைக் காட்டினான்.

நீங்கள் எல்லோரும் ஹாஷ், யூனிகோட் என்று பேசுகிறீர்கள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நாற்பது சேலை என்றால் எங்கள் கடைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் ஆறு பேருக்குப் பல வார வேலை. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் நகத்தால் துணியைக் கிள்ளி நூலைச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தப் பெண்களிடம் ‘தீபாவளிக்கு வேலை இல்லை’ என்று சொன்னவள் நான். இப்போது, வேலை வந்தது, யாரோ மறைத்துவிட்டார்கள் என்று தெரிகிறது.

தம்பி, பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாய். ஏன்? பொய்ச்சாட்சி சொன்னவன் மானமாக இருக்க வேண்டும், நான் மட்டும் இழக்க வேண்டுமா?

கீழமாசிவீதி | திங்கள், இரவு 9:45

அக்கா, உங்கள் கோபம் நியாயம். இன்று பகலில் அந்தக் கடைக்கு நேரில் போனேன். ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது, பையன் விளையாட்டாக அழுத்தியிருப்பான்’ என்றார்கள். 10:14உம் 10:21உம் என் மனதுக்குப் போதும். ஆனால் ஊரறியச் சொல்வதற்கு அது போதாது. வேறு யாரோ அந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கலாம். நான் தவறாகப் பெயர் சொன்னால், இன்னொரு பொய்ப்புகாரை நானே சொன்னதாகிவிடும்.

அப்புறம், புகார் சொன்னால் பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் நல்லவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். போலி மின்வாரிய அஞ்சலை முதலில் அழுத்திய அந்த மளிகைக்காரர் அடுத்த முறை ‘நமக்கெதற்கு வம்பு’ என்று விட்டுவிடுவார். என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். அந்தக் கடையின் புகார்களுக்கு இனி எடை பூஜ்யம். அவர்கள் அழுத்தினால் அவர்கள் பெட்டியில் மட்டும்தான் வேலை செய்யும். அதை அவர்களிடமும் நேராகச் சொல்லிவிட்டேன்.

ஸ்பேமை 30 நாளில் அழித்தது என் முடிவு. அதில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பாத்திரக்கடை_அண்ணாச்சி | செவ்வாய், காலை 7:15

நானும் இந்தச் சர்வரில்தான் இருக்கிறேன். கணினி தெரியாது, வியாபாரம் தெரியும். புதிதாக ஒருவர் கடைக்கு வந்து கடனுக்குச் சரக்கு கேட்டால் முதலில் யார் ஜாமீன் என்றுதான் கேட்போம். ஜாமீன் சொன்னவர் நல்லவர் என்றால் கொஞ்சம் சரக்கு கொடுப்போம். பணம் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை கூடக் கொடுப்போம். அவர் ஏமாற்றிவிட்டால், ஜாமீன் சொன்னவருக்கும் கடன் நின்றுவிடும். அதனால் யாரும் கண்டவனுக்கு ஜாமீன் சொல்வதில்லை. புகார் சொல்கிறவருக்கும் இதை வைத்தால் என்ன? புதுக் கணக்கு வருகிறதென்றால் ஏற்கெனவே இருக்கும் ஒரு கடை அவருக்குப் பொறுப்பேற்கட்டும்.

இன்னொன்று. ஒரு வீட்டில் நான்கு பேர் வந்து சொன்னாலும் அது ஒரு வீட்டுச் சொல்தான். பஞ்சாயத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வடபழஞ்சி | செவ்வாய், காலை 8:40

அண்ணாச்சி சொன்ன இரண்டும் அப்படியே நிரலாக எழுதக்கூடியவை. ஒரு கடைக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் மொத்த எடை ஒன்றைத் தாண்டக்கூடாது. புதுக் கணக்கின் எடை பத்தில் இரண்டு பங்கில் தொடங்கட்டும். பொறுப்பேற்றவர் தவறான ஆளைக் கொண்டுவந்தால் அவர் எடையும் குறையும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் அடைக்க வேண்டும். கெட்டிக்காரன் ஒருவன் ஆறு மாதம் பொறுமையாக எல்லோருக்கும் தெரிந்த லாட்டரி, வயாகரா அஞ்சல்களைப் புகார் செய்து நல்ல பெயர் வாங்குவான். பிறகு ஒருநாள், தனக்கு வேண்டாதவனின் அஞ்சல் மீது அந்தப் பெயரைச் செலவழிப்பான். ஏற்கெனவே பதிவேட்டில் ஏறிவிட்ட அஞ்சலைப் புகார் செய்வதற்கு மதிப்பெண்ணே தரக்கூடாது. வரம்பைத் தொடும் முன் முதலில் சொன்னவருக்கு மட்டும்தான். ஏறுவது மெதுவாக, இறங்குவது வேகமாக. பத்து நல்ல புகாரில் சேர்த்ததை ஒரு பொய்ப்புகாரில் இழக்க வேண்டும்.

கீழமாசிவீதி அண்ணனுக்கு இன்னொரு யோசனை. உங்கள் லாக்கிலேயே பதில் இருந்தது. ஒருவருக்குப் பதில் எழுதிவிட்டு அவரையே ஸ்பேம் என்கிற புகாரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். நிறுத்திவைத்து நீங்களே பார்த்துவிடுங்கள். அஞ்சல் உண்மையில் அந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்றும் பாருங்கள். யாரோ அனுப்பிக் கொடுத்ததை, தனக்கு வராததைப் புகார் செய்தால் தள்ளிவிடுங்கள்.

திருமங்கலம்_நெட் | செவ்வாய், மதியம் 12:10

நேற்று நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். பதில் எழுதியவரின் புகாரை நிறுத்திவைக்கும் யோசனை நல்லது. எந்த இயந்திர வடிகட்டியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. நானும் ஒன்று சேர்க்கிறேன்.

புகாருக்கு ஆயுள் வையுங்கள். 1998இல் ஜூலியன் ஹெய்ட் தொடங்கிய ஸ்பேம்காப் தடைப் பட்டியலில், புதிதாகப் புகார் வராவிட்டால் 24 மணி நேரத்தில் ஒரு சர்வர் முகவரி தானாக வெளியே வந்துவிடும். தவறாக மாட்டியவர் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், ஒரு நாளில் விடுதலை. உங்கள் பதிவேட்டில் கைரேகை எவ்வளவு நாள் இருக்கிறது?

கீழமாசிவீதி | செவ்வாய், மதியம் 12:25

எப்போதும் இருக்கிறது சார். மூன்று வருடத்துக்கு முன் ஏறியதும் அப்படியே இருக்கிறது. அதையும் மாற்றுகிறேன்.

அண்ணாநகர்_டீச்சர் | செவ்வாய், மாலை 5:50

எல்லாம் சரி. ஸ்பேம் பெட்டிக்குப் போனதை யார் பார்ப்பது என்ற முதல் கேள்விக்குப் பதில் வரவில்லையே தம்பி. ‘ஸ்பேம் இல்லை’ என்று சொல்ல ஒரு பட்டன் இருந்து என்ன பயன், அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

கீழமாசிவீதி | வியாழன், இரவு 11:30

இரண்டு இரவாக வேலை பார்த்தேன். மேலூர்த் தம்பி உடன் இருந்து ஸ்கிரிப்டை எழுதினான்.

டீச்சரின் கேள்விக்கு இப்படிச் செய்திருக்கிறோம். தினமும் காலை 8 மணிக்கு ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு அஞ்சல் போகும். முந்தைய நாள் ஸ்பேம் பெட்டிக்குப் போனவற்றின் பட்டியல்: யாரிடமிருந்து, என்ன தலைப்பு, எந்தக் காரணத்தால் நின்றது. பக்கத்தில் ‘இது எனக்கு வேண்டும்’ என்று ஒரே பட்டன். அதை அழுத்தினால் அஞ்சல் இன்பாக்ஸுக்கு வரும். அதோடு அந்தப் புகாருக்கு எதிரான சாட்சியாகவும் ஏறும், புகாருக்கு உள்ள அதே எடையோடு. இரண்டு கடைகள் அப்படிச் சொன்னால் கைரேகை பதிவேட்டிலிருந்து இறங்கிவிடும். மோசடி என்று உறுதியானவை பட்டியலில் இணைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாகத்தான் தெரியும், யாரும் தவறிப்போய் உள்ளே போக முடியாது.

இது தவிர, கைரேகை புதிதாக ஏறியதும் முதல் இரண்டு மணி நேரம் அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போகாது. மஞ்சள் பட்டையோடு இன்பாக்ஸிலேயே நிற்கும்: ‘சிலர் இதைச் சந்தேகிக்கிறார்கள், உங்களுக்கு எப்படித் தெரிகிறது?’ என்று. மோசடிப் பட்டனை அழுத்தி, மற்ற சோதனைகளிலும் மோசமாக வந்தால் மட்டும் உடனே நிற்கும். கைரேகைக்கு ஆயுள் ஏழு நாள். ஸ்பேம் 90 நாள் இருக்கும்.

பழைய மின்வாரியப் போலி அஞ்சலைப் புது ஏற்பாட்டில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மளிகைக்காரர்களும் மூன்று வேறு கடை, மூன்று பேருக்கும் நல்ல எடை, அனுப்பிய டொமைன் பதிவாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. உடனே நின்றது. சிங்கப்பூர்க் கடிதத்தையும் ஓட்டினேன். ஒரு கடை, ஒரு எடை, அதுவும் பதில் எழுதியவர். ஒன்பது இன்பாக்ஸிலும் அசையாமல் இருந்தது.

சுங்குடிக்கடை | சனி, காலை 8:20

இன்று காலைதான் அந்தப் பட்டியல் எனக்கு முதல்முறை வந்தது. ஆறு வரி. ஐந்து குப்பை. ஆறாவது எங்கள் நூல் வியாபாரி அனுப்பிய பில். அழுத்தினேன், உள்ளே வந்துவிட்டது.

சிங்கப்பூருக்கு நானே எழுதினேன். தீபாவளிக்கு வேறு இடத்தில் வாங்கிவிட்டாராம். பொங்கலுக்குப் பன்னிரண்டு சேலை கேட்டிருக்கிறார்.